டெக்சாஸ் கிராமக் கவுண்டியில் உங்கள் பெயரில் வாரண்ட் இருந்தால்

டல்லாஸிலிருந்து கொலராடோவுக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் யு.எஸ். 287 நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். ஃபோர்ட் வொர்த் தாண்டியதும் வைஸ், மான்டேக், கிளே என்று தொடங்கி சில்ட்ரஸ், ஹால், டான்லி என்று கவுண்டிகள் மாறிக்கொண்டே இருக்கும். சிற்றூர் தொடங்கும் இடத்தில் வேக வரம்பு சட்டென்று இறங்கும். டிக்கெட் விழுவதும் அங்கேதான். அந்த டிக்கெட்டை எங்கோ செருகி வைத்துவிட்டு, வேறு அபார்ட்மெண்டுக்குக் குடிபோய், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று பதில் வந்த பிறகுதான் பலருக்கும் விஷயம் உறைக்கிறது: கெடு தேதி எப்போதோ போய்விட்டது, தன் பெயரில் ஒரு பிடியாணை இருக்கிறது.

இங்கே சொல்வது டெக்சாஸ் மாநில நடைமுறை. ஓக்லஹோமாவிலோ ஜார்ஜியாவிலோ வாங்கிய டிக்கெட்டுக்கு இது அப்படியே பொருந்தாது.

எந்த வகை வாரண்ட்?

பொதுப் பேச்சில் எல்லாவற்றையும் 'பெஞ்ச் வாரண்ட்' என்பார்கள். டெக்சாஸ் கிளார்க்கிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், சிறையில் இருக்கும் ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவைத்தான் அவர் நினைப்பார். எனவே இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சாதாரண டிக்கெட்டுக்குக் கெடு தேதிக்குள் பதில் சொல்லாததால் வருவது முதல் வகை. மூல வழக்கோடு, 'ஆஜராகவில்லை' என்ற தனிக் குற்றமும் சேர்ந்து இரண்டு வாரண்ட்களாக நிற்கலாம். இரண்டாவது, தீர்ப்பு வந்து அபராதம் கட்டாமல் விட்டதற்கானது. இதை 'கேப்பியாஸ் புரோ ஃபைன்' என்பார்கள். மூன்றாவது, 'கேப்பியாஸ்'. குடித்துவிட்டு ஓட்டியது போன்ற பெரிய வழக்கில் ஜாமீனில் வெளிவந்து விசாரணைக்குப் போகாதவர்கள் மேல் வருவது. முதல் இரண்டைப் பெரும்பாலும் நீங்களே தீர்க்கலாம். மூன்றாவதை வக்கீல் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இவை காலாவதியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஆகாது. பத்து வருடம் கழித்து ஒரு டெயில்லைட்டுக்காக வண்டியை நிறுத்தினாலும் அது திரையில் வரும்.

சரியான நீதிமன்றத்தைப் பிடிப்பது

பாதி நேரம் வீணாவது இங்கேதான். டெக்சாஸில் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் வாழ்ந்த லவிங் கவுண்டியும் அதில் அடக்கம். எவ்வளவு சிறியதானாலும் ஒவ்வொன்றிலும் பல நீதிமன்றங்கள் உண்டு; ஒன்றின் வழக்கு இன்னொன்றின் கணினியில் தெரியாது.

டிக்கெட்டை எழுதியது யார் என்று பாருங்கள். ஊர்ப் போலீஸ் எழுதியிருந்தால் நகராட்சி நீதிமன்றம். நெடுஞ்சாலை ரோந்தில் வரும் டி.பி.எஸ். (மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) ட்ரூப்பரோ ஷெரிஃப் டெபுட்டியோ எழுதியிருந்தால் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' எனப்படும் ஜே.பி. நீதிமன்றம். சின்னக் கவுண்டியில் ஒரே ஜே.பி. இருக்கலாம், நான்கு பேரும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் 'பிரீசிங்க்ட்' என்ற ஒரு எல்லைப் பகுதி, அதற்கென்று தனிக் கோப்பு. அதனால் கவுண்டிப் பெயரோடு பிரீசிங்க்ட் எண்ணும் வேண்டும். டிக்கெட்டிலேயே அது இருக்கிறதா பாருங்கள்.

சிறைத் தண்டனைக்கு இடமுள்ள வகுப்பு ஏ, பி குற்றங்கள் கவுண்டி நீதிமன்றத்தில்; ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தில். கிராமப்புறத்தில் ஒரு டிஸ்ட்ரிக்ட் நீதிபதி பல கவுண்டிகளைச் சுற்றிவருவார். இன்று வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டால், அவர் அந்தப் பக்கம் வரும் நாள் வரை அது மேசையில் கிடக்கலாம்.

டிக்கெட் தொலைந்துவிட்டதா? எந்தச் சாலை, எந்த ஊருக்கு அருகில், சுமார் எந்த மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கவுண்டி எல்லையை வரைபடத்தில் பார்த்து, அதை ஒட்டிய இரண்டு கவுண்டிகளையும் பட்டியலில் சேருங்கள்.

பெயர்

தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும். சாலையோரத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்த அதிகாரி இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கலாம். எனவே தேடும்போது சொந்தப் பெயர் கடைசிப் பெயராக, அப்பா பெயர் கடைசிப் பெயராக, எஃப்.என்.யு. முதல் பெயராக என்று எல்லா வகையிலும் பாருங்கள். எழுத்துக்கூட்டில் ஒரு 'ஏ', ஒரு 'ஹெச்' கூடக் குறைய வைத்தும் பாருங்கள். பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: மார்ச் 4 அங்கே ஏப்ரல் 3 ஆகியிருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமானது ஓட்டுநர் உரிம எண்.

எங்கே தேடுவது

மாநிலம் முழுவதற்குமான, பொதுமக்கள் பார்க்கக்கூடிய வாரண்ட் பட்டியல் கிடையாது. 'உடனே தேடித் தருகிறோம்' என்று பணம் கேட்கும் தனியார் தளங்களிடம் உள்ளது பழைய, அரைகுறைத் தரவு. காசைக் கொட்ட வேண்டாம்.

இலவசமாகப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, டி.பி.எஸ். நடத்தும் ஓட்டுநர் உரிமத் தகுதிப் பக்கம். உரிம எண்ணைப் போட்டால் புதுப்பிக்கத் தடை இருக்கிறதா என்று தெரியும். இன்னொன்று, 'ஆம்னிபேஸ்' என்று எல்லாரும் சொல்லும் ஆஜராகாதோர் திட்டத்தின் தேடல் பக்கம். தடை போட்ட நீதிமன்றம், வழக்கு எண், தொலைபேசி எண் வரை அதில் கிடைக்கும். ஆனால் எல்லா நீதிமன்றமும் இத்திட்டத்தில் இல்லை. அங்கே பெயர் இல்லை என்பதால் வாரண்ட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில கவுண்டிகள் வாகனப் பதிவைப் புதுப்பிக்கவும் மறுப்பார்கள். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் வராவிட்டால் அதுவும் ஒரு தடயம்.

அதற்குமேல் போன்தான். முதலில் நீதிமன்றக் கிளார்க்கைக் கூப்பிடுங்கள், ஷெரிஃப் அலுவலகத்தை அல்ல. 'சும்மா கேட்டுவிட்டு வரலாம்' என்று ஷெரிஃப் கவுண்டருக்கு நேரில் போகிறவரை, செல்லுபடியாகும் வாரண்ட் இருந்தால், அங்கேயே கைது செய்யலாம். அது அவர்கள் கடமை. கிளார்க் அலுவலகம் அப்படி இயங்குவதில்லை. கோப்பைப் பார்த்து எண்ணைச் சொல்வதுதான் அவர் வேலை.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் கூப்பிடுங்கள். ஒரே கிளார்க் இருக்கும் அலுவலகம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பூட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் யாரும் எடுக்காமல் போகலாம். பெயர், பிறந்த தேதி, உரிம எண் சொன்ன பிறகு இவற்றை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வழக்கு எண் என்ன, ஒன்றா பலவா, குற்றம் என்ன, எந்த வகுப்பு, வாரண்ட் எந்த வகை, எந்தத் தேதி, ஜாமீன் தொகை எவ்வளவு, ரொக்கம் மட்டுமா, நீதிபதி எந்தக் கிழமைகளில் அமர்கிறார், மனுவைத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஏற்பார்களா. பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

'நான் என்ன செய்யட்டும், குற்றத்தை ஒத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நடந்த கதையையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவர் எதிரே அமரப்போகிறவர், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் கவுண்டி அட்டர்னியாக இருக்கலாம். சின்ன ஊர். மரியாதையாக, சுருக்கமாகப் பேசினால் ஒருவேளை அடுத்த வாரமே தேதி கிடைக்கும். அங்கே அந்த ஒருவர்தான் முழு அமைப்பும்.

உங்களைத் தேடி வரும் போனை நம்பாதீர்கள். 'நான் டெபுட்டி பேசுகிறேன், உங்கள் மேல் வாரண்ட், ஒரு மணி நேரத்தில் கிஃப்ட் கார்டிலோ ஜெல் பணப் பரிமாற்ற ஆப்பிலோ பிட்காயினிலோ கட்டுங்கள்' என்பது மோசடி. எந்த நீதிமன்றமும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. வைத்துவிட்டு, கவுண்டி தளத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

இணையத்தில் 'இப்போதே செலுத்து' பொத்தானைப் பார்த்ததும் அழுத்தி முடித்துவிடத் தோன்றும். டெக்சாஸ் சட்டத்தில் அபராதம் மட்டுமே உள்ள வழக்குக்குப் பணம் கட்டுவது, 'எதிர்க்கவில்லை' என்று வாதுரைத்துக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறுவதற்குச் சமம். வேகமாக ஓட்டியதற்கு என்றால் போகட்டும். ஆனால் அபராதம் மட்டுமே உள்ள இந்த வகுப்பு சி என்பது போக்குவரத்து மட்டுமல்ல. 100 டாலருக்குக் குறைவான கடைத் திருட்டு, போதைப்பொருள் உபகரணம் வைத்திருந்தது, சிறு கைகலப்பு ஆகியவையும் அதே வகுப்பு, அதே மாதிரி டிக்கெட்தான். எச்1பி, எஃப்1, கிரீன் கார்டு எதில் இருந்தாலும் இவற்றுக்கு 200 டாலர் கட்டி முடித்ததாக நினைப்பது குடியுரிமை அலுவலகத்தில் பெரிய விலையாகத் திரும்பி வரலாம். இப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு முதலில் குடிவரவு வக்கீல், பிறகுதான் நீதிமன்றம். ஒத்துக்கொண்டு நிபந்தனைக் காலம் முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும் என்ற ஏற்பாடும் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் தண்டனையாகவே தெரியக்கூடும்.

வாரண்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம். விசாப் படிவம் டி.எஸ். 160, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கிறது. ஒரு வேக டிக்கெட் கைதல்ல. அந்த டிக்கெட்டின் வாரண்டில் ஒரு இரவு உள்ளே இருந்தால், அன்றிலிருந்து பதில் 'ஆம்'. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (மாணவர் விசா நிலையைக் காட்டும் அரசுப் பதிவு) ரத்தானபோது, பெயர்களைக் குற்றத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் பட்டியல் எடுத்தார்கள். தள்ளுபடியான சிறு வழக்குக்காரர்களும் அதில் சிக்கினார்கள். நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு பதிவுகள் திரும்பின என்றாலும், அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

வகுப்பு சி: தீர்க்கும் வழி

நல்ல செய்தி ஒன்று உண்டு. வாரண்ட் நிறைவேறும் முன் நீங்களாகவே ஆஜராகி, தீர்க்க உண்மையான முயற்சி செய்தால், ஆஜராகாததற்கான அந்த வாரண்டை நீதிபதி திரும்பப் பெற்றே ஆக வேண்டும். 2017இல் வந்த திருத்தம் இது. அதே சட்டப்படி, முதல் தேதியைத் தவறவிட்டவருக்கு வாரண்ட் போடும் முன், 30 நாளுக்குள் ஒரு தேதியைக் குறித்துத் தபாலிலோ போனிலோ அறிவிப்புத் தர வேண்டும். தந்திருப்பார்கள். உங்கள் பழைய அபார்ட்மெண்டின் தபால் பெட்டிக்கு.

எனவே கிளார்க்கிடம் பேசிய கையோடு, நீதிமன்றப் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: வழக்கு எண், தற்போதைய முகவரி, தானாக ஆஜராக விரும்புவதாகவும் வாரண்டைத் திரும்பப் பெறக் கோருவதாகவும் இரண்டு வரி, கூடவே வாதுரை, அதாவது குற்றத்தை ஒப்புகிறீர்களா இல்லையா என்ற பதில். பெரும்பாலும் 'குற்றவாளி இல்லை' என்று போடுவதே நல்லது. அது பொய் சொல்வதாகாது. தேதி கேட்பதும் அட்டர்னியோடு பேச இடம் வைப்பதும்தான் அதன் பொருள். ஏன் வேகமாகப் போனீர்கள் என்ற விளக்கம் கடிதத்தில் வேண்டாம், அது உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். ரசீதுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சல் ஏற்பார்கள் என்றால் அதிலும். சில நீதிபதிகள் முதலில் ரொக்க ஜாமீன் கேட்பார்கள். அபராதம் அளவுக்கு ஒரு தொகையைக் கட்டினால் வாரண்ட் நீங்கி விசாரணைத் தேதி வரும். அது அபராதம் அல்ல, ஜாமீன் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் அபராதக் கணக்கில் ஏறி, மேலே சொன்ன குற்றத் தீர்ப்பாகிவிடும் அபாயம் உண்டு.

400 மைல் தள்ளி இருப்பவர் உள்ளூர் வக்கீலை வைப்பதே மலிவு. அந்தக் கவுண்டித் தலைநகரில் அலுவலகம் போட்டிருப்பவராகப் பாருங்கள். வகுப்பு சி வழக்கில் பல நேரம் உங்களுக்குப் பதில் அவரே ஆஜராகிவிடுவார். அங்கே கவுண்டி அட்டர்னி பகுதிநேரக்காரராக, தனிப் பிராக்டிஸும் வைத்திருக்கலாம். அவரை எந்த நாளில் எங்கே பிடிக்கலாம் என்பது டல்லாஸ் வக்கீலுக்குத் தெரியாது.

தேதி வந்த பிறகு என்ன கேட்கலாம்? வரம்பைவிட 25 மைலுக்குக் குறைவாகத்தான் தாண்டினீர்கள், வேகம் 95க்குக் கீழே, கடந்த 12 மாதத்தில் பாதுகாப்பு வகுப்பு எதுவும் எடுக்கவில்லை, வணிக உரிமம் இல்லை என்றால் ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பு. இதைக் கெடு தேதிக்குள் கேட்டால் உரிமை, தவறியவருக்கு நீதிபதியின் கருணை. அடுத்தது 'டிஃபர்டு டிஸ்போசிஷன்': 180 நாள் வரை நிபந்தனைக் காலம், வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் தள்ளுபடி. காப்பீடு இல்லை என்ற டிக்கெட் என்றால், அந்த நாளில் செல்லுபடியான காப்பீடு இருந்ததற்கான நிறுவனக் கடிதம் போதும், வழக்கு போய்விடும். மறுநாள் வாங்கிய காப்பீடு உதவாது.

பணம் இல்லையென்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை கொண்டு போங்கள். தவணையோ, சமூக சேவையோ (எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தது 100 டாலர் கழியும்), தள்ளுபடியோ கிடைக்கலாம். கட்ட முடியாத ஏழையை அபராதத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1971இல் டேட் எதிர் ஷார்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஹூஸ்டன் போக்குவரத்து அபராதத்தில் தொடங்கிய வழக்கு. 'கேப்பியாஸ் புரோ ஃபைன்' இருப்பவரும் நீதிமன்றத்துக்குத் தெரிவித்து இதே விசாரணையைக் கேட்கலாம். அப்படியும் கைதானால், உடனே நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அலுவலக நாள் வரைதான் வைத்திருக்கலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா பெயரில் வழக்கு என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஸ்பானிஷுக்கு ஏற்பாடு இருக்கும், தமிழுக்கு வெளியே தேட வேண்டும். மகனோ மகளோ எழுந்து நின்று மொழிபெயர்க்க அனுமதிப்பார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள்.

ஜே.பி. தீர்ப்பு பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் மேல்முறையீட்டுப் பிணை கட்ட வேண்டும். கவுண்டி நீதிமன்றத்தில் விசாரணை முதலிலிருந்து நடக்கும்.

வகுப்பு ஏ, பி, ஃபெலனி

இங்கே விசாரணைத் தேதி தவறியதன் விலை வேறு. பெயரைக் கோர்ட் வாசலில் உரக்கக் கூப்பிட்டும் வராதவரின் ஜாமீனைப் பறிமுதல் செய்யத் தொடங்குவார்கள், கேப்பியாஸ் வரும், ஆஜராகாததே தனிக் குற்றமாகும்: மூல வழக்கு ஃபெலனி என்றால் இதுவும் ஃபெலனி. முதலில் வக்கீல், அவர் மூலமாக, கட்டணம் வாங்கி உங்களுக்கு ஜாமீன் நின்ற பழைய பாண்டுக்காரர். பாண்டுக்காரர் இன்னும் பிணையில் நிற்கத் தயார் என்றால், வாரண்டை ரத்து செய்து பழைய ஜாமீனையே தொடரச் சொல்லி வக்கீல் மனுப் போடலாம். முடியாதபோது, புதிய பாண்டைத் தயாராக வைத்துக்கொண்டு சரணடைந்து, கைரேகை புகைப்படம் முடித்து அன்றே வெளிவருவது வழி. பாண்டுக்காரருக்குக் கொடுக்கும் சுமார் 10 சதவீதம் திரும்பி வராது.

திங்கள் முதல் புதன் வரை, காலையில் போங்கள். வெள்ளி மதியம் சரணடைகிறவர் வார இறுதியை உள்ளே கழிப்பார். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த 48 மணி நேரம் அவகாசம் உண்டு. சொந்தச் சிறை இல்லாத கவுண்டி உங்களைப் பக்கத்துக் கவுண்டிக்கு அனுப்பிவைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளை அசல் டப்பாவில் எடுத்துப் போங்கள். தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், செல்போனை வாங்கிவிடுவார்கள்.

வக்கீலுக்கு வசதி இல்லாதவர் அரசு வக்கீல் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2,50,000க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள கவுண்டியில், விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் நியமிக்க வேண்டும். எந்த வக்கீலானாலும் முதல் நாளே உங்கள் விசா நிலையைச் சொல்லுங்கள். குற்றத்தை ஒத்துக்கொள்வது நாடுகடத்தலுக்கு இட்டுச் செல்லுமா என்று சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த படில்லா தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது.

வேறொரு கவுண்டியில் வைத்துப் பிடித்துவிட்டால் அங்குள்ள மாஜிஸ்திரேட்டே ஜாமீன் ஏற்கலாம். அபராத வழக்கு என்றால் அவர் முன்பே வாதுரைத்து முடிக்கவும் இடமுண்டு.

முடிந்த பிறகு

அதிகம் கோளாறு நடப்பது இந்தக் கட்டத்தில். நீதிபதி கையெழுத்திட்ட ரத்து உத்தரவு காகிதமாக ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒருவர் கணினியில் நீக்க வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் வாரண்ட் உயிரோடு இருக்கும். சான்றொப்பமிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைக் காரில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, நீங்களோ வக்கீலோ ஷெரிஃப் டிஸ்பேட்சை அழைத்து நீங்கிவிட்டதா என்று கேளுங்கள். இப்போது கேட்பதில் ஆபத்தில்லை. 'ஆஜராகவில்லை' என்ற இரண்டாவது வழக்கு தனி எண்ணில் நிற்கிறதா என்று கிளார்க்கிடம் மறுபடி உறுதி செய்யுங்கள். ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதை மறப்பவர்களே அதிகம்.

ஆம்னிபேஸ் தடைக்கு ஒரு மீறலுக்கு 10 டாலர், நீதிமன்றத்திலேயே. தடை டி.பி.எஸ். பதிவிலிருந்து மறைய சில நாள் ஆகும், அன்றே உரிம அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். ஒரு குழப்பம்: மக்கள்தொகை 10,000க்குக் குறைந்த சில கவுண்டிகளில் ஷெரிஃபே வரி வசூலிப்பவரும். வாகனப் பதிவுப் பணமும் அபராதமும் ஒரே கட்டடத்தில் என்பதால் தவறான கவுண்டரில் கட்டிவிடுவார்கள். ரசீதில் வழக்கு எண் இருக்கிறதா பாருங்கள்.

வழக்கின் முடிவைக் காட்டும் சான்றிதழையும் இப்போதே வாங்குங்கள். குடியுரிமை விண்ணப்பத்தின்போது கேட்பார்கள், அதற்குள் ஜே.பி. அலுவலகம் பழைய கோப்பை அழித்திருக்கலாம்.

முகவரி மாற்றத்தை மூன்று இடத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர். 11 படிவம், 10 நாளுக்குள். டி.பி.எஸ்.ஸுக்கு 30 நாளுக்குள். வழக்கு நிலுவையில் உள்ள நீதிமன்றத்துக்குக் கடிதத்தில். முதல் இரண்டு இடங்களும் அதை ஹால் கவுண்டி ஜே.பி.க்குச் சொல்லமாட்டார்கள்.